அடுப்பு கட்டும் முன் பானையை அளங்கள்

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு பக்கம் பெரும்பாலான வீடுகளில் அடுக்களைக்குள் கேஸ் அடுப்பு இருக்கும்; பின்பக்கச் சாய்ப்பில் விறகடுப்பும் இருக்கும். தாளிப்பு, தோசை, காலை காப்பி எல்லாம் கேஸில். சம்பா அரிசிச் சோறு, மரச்சீனிக் கிழங்கு, குளிக்க வெந்நீர் எல்லாம் விறகில். இதற்குக் காரணம் பழைமைப் பற்று இல்லை. விளையில் (தோட்டத்தில்) விழுகிற தென்னை மட்டையும் கொதும்பும் (காய்ந்த பாளை) சிரட்டையும், ரப்பர் தோட்டத்தில் ஒடிந்து விழுகிற கம்பும் காசில்லாமல் கிடைக்கின்றன. புழுங்கல் சம்பா வேக முக்கால் மணி நேரம் ஆகும். அதைக் கேஸில் வைத்தால் சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்பது எந்த வீட்டிலும் தெரிந்த கணக்கு.

அந்தச் சாய்ப்பு அடுப்பு பெரும்பாலும் மூன்று கல், அல்லது மூன்று பக்கமும் மண் எழுப்பிய திறந்த அடுப்பு. விறகில் இருக்கும் சூட்டில் பத்தில் ஒரு பங்கோ, ஒன்றரைப் பங்கோதான் பானைக்குள் போகிறது. கொஞ்சம் செங்கல், கொஞ்சம் உமிச்சாம்பல், ஒரு தகரம் இருந்தால் இதை இரண்டு மடங்காக்கலாம். ஆனால் ‘நல்ல அடுப்பு’ கட்டப் புறப்படுகிற எல்லோரும் தீயிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் பானை. எந்தப் பானையில் அதிகம் சமைக்கிறீர்களோ அதன் அகலம், அடியின் வளைவு, நிறைந்தால் அதன் எடை ஆகியவை தெரிந்த பிறகுதான் முதல் செங்கல்லை வைக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 கிலோஜூல் சூடு வேண்டும். ஐந்து லிட்டருக்கு 1500. நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோ ஏறத்தாழ 15,000 கிலோஜூல் தரும். அப்படியென்றால் ஐந்து லிட்டர் கொதிக்க நூறு கிராம் விறகு போதும், ஒரு துளி சூடுகூட வீணாகாவிட்டால். மூன்று கல் அடுப்பில் அதே வேலைக்கு எண்ணூறு கிராமுக்கு மேல் போகிறது. மீதி எழுநூறு கிராம் எங்கே போயிற்று? கொஞ்சம் புகையாக, எரியாமலே வெளியேறியது. கொஞ்சம் கல்லும் மண்ணும் குடித்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய பங்கு, எரிந்து சூடான காற்று பானையைத் தொடாமலே பக்கவாட்டில் ஏறிப் போனது. புகையைக் கண் காட்டிக்கொடுக்கும். இந்தக் காற்று கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதை யாரும் குறை சொல்வதில்லை.

சுத்தமாக எரிக்கிற வித்தை ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில் உள்ள அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி 1980களில் வகுத்த ‘ராக்கெட்’ அடுப்பின் உடம்பு, எல் எழுத்துபோல முழங்கையாக மடங்கிய ஒரு சிறு சுரங்கம். படுத்த பகுதியில் விறகு, நின்ற பகுதியில் தீ. சுற்றிலும் சூடு குடிக்காத சுவர். சூடு உள்ளேயே தங்குவதால் விறகிலிருந்து கிளம்பும் புகை, பானைக்குப் போகும் வழியிலேயே எரிந்துவிடுகிறது. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் இதை மட்டும் செய்துவிட்டு மேலே மூன்று கல்லை வைத்துப் பானையை ஏற்றினால், புகை குறையும். விறகு குறைவது கொஞ்சமாகத்தான் இருக்கும். விறகு மிச்சமாவது கடைசி ஒன்றரைச் சென்டிமீட்டரில்தான்.

அந்தக் கடைசி இடத்தின் கணக்கு எளிது. தீ ஏறிவரும் குழியின் பரப்பு எவ்வளவோ, பானையின் அடியிலும் பக்கத்திலும் காற்று போகிற வழியின் பரப்பும் ஏறத்தாழ அவ்வளவே இருக்க வேண்டும். குறைந்தால் புகை, விறகு வைக்கும் வாய் வழியாகத் திரும்பி முகத்தில் அடிக்கும். கூடினால் சூடான காற்று பானையை ஒட்டாமல் நடுவழியில் நழுவிப் போகும். நான்கரை அங்குலச் சதுரக் குழி என்றால் பரப்பு ஏறத்தாழ 130 சதுர செ.மீ. குழியின் நான்கு ஓரமும் சேர்ந்து 46 செ.மீ. எனவே குழியின் விளிம்பில் பானைக்கும் அடுப்புக்கும் இடையே 130-ஐ 46-ஆல் வகுத்தது, அதாவது 2.8 செ.மீ. இடைவெளி வேண்டும். பானை 26 செ.மீ. அகலம் என்றால் சுற்றளவு 82 செ.மீ. பானையின் ஓரத்துக்கு வரும்போது இடைவெளி 1.6 செ.மீ. போதும். அதாவது அடுப்பின் மேல்தளம் குழியிலிருந்து வெளியே போகப் போகச் சற்று உயர வேண்டும். தட்டையான அடி உள்ள அலுமினியப் பானைக்கு இந்தச் சரிவு இலேசாக இருக்கும். உருண்டை அடி உள்ள மண்கலத்துக்கு, கலத்தின் வளைவையே பின்பற்றி மண்ணைக் குழித்துவிட வேண்டும். ஈர மண்ணின் மேல் பானையை வைத்துத் திருப்பி எடுத்தால் வளைவு பதிந்துவிடும். பிறகு அதை இரண்டு செ.மீ. கீழே இறக்கிச் செதுக்கினால் சரியான தளம் கிடைக்கும்.

பக்கவாட்டுக்கு ஒரு தகரச் சட்டை. இதை மட்டும் செய்தாலே, வேறு எதையும் மாற்றாத மூன்று கல் அடுப்பில்கூட விறகு கண்கூடாகக் குறையும். கையில் காசும் நேரமும் இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அளவு இப்படி: 26 செ.மீ. பானைக்கு இடைவெளி ஒன்றரைச் செ.மீ. என்றால் சட்டையின் உள்விட்டம் 29 செ.மீ., சுற்றளவு 91 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ரிவெட் அடிக்க நான்கு செ.மீ. சேர்த்து 95 செ.மீ. நீளத் தகரம். உயரம், பானையில் தண்ணீர் நிற்கும் மட்டம் வரை. அதற்கு மேல் போனால் விளிம்பைப் பிடிக்கத் துணியோடு கை நுழையாது. புதிய ஜி.ஐ. தகடானால் முதல் இரண்டு முறை வெளியில் திறந்த இடத்தில், சமையல் இல்லாமல் சூடேற்றி எடுங்கள். துத்தநாகப் பூச்சு சூட்டில் விடும் ஆவி நல்லதல்ல. பழைய எண்ணெய் டின்னைப் பிரித்த தகடே போதும், துருப்பிடித்தால் இன்னொன்று. ஒரே சட்டை எல்லாப் பானைக்கும் வராது என்பதுதான் இதில் சிக்கல். வீட்டில் மூன்று அளவுப் பானை இருந்தால் தினமும் சோறு வடிக்கிற பானைக்குச் செய்யுங்கள். மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

இனி உடம்பு. செங்கல்லை உடைக்காமல், அளவெடுத்துச் செதுக்காமல் நான்கரை அங்குலக் குழி எழுப்ப ஒரு வழி இருக்கிறது. ஒன்பது அங்குல நீளம், நான்கரை அங்குல அகலம் உள்ள நான்கு செங்கல்லைக் காற்றாடிபோல, ஒன்றின் தலை அடுத்ததன் விலாவில் முட்டும்படி படுக்கையாக வைத்தால் நடுவில் நான்கரை அங்குலச் சதுரம் தானாக விழும். சூளைக்குச் சூளை கல்லின் அளவு மாறும். எந்த அளவானாலும் நீளத்தில் அகலத்தைக் கழித்தால் வருவதுதான் குழி. அது பத்து செ.மீ.க்குக் குறைந்தாலோ பதின்மூன்றுக்கு மேல் போனாலோ அந்தக் கல் நாலைந்து பேர் வீட்டு அடுப்புக்கு ஒத்துவராது.

அடித்தளத்துக்கு நாலரைக் கல். அதன் மேல் முதல் வரியில் காற்றாடியின் முன்பக்கக் கல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தின் வெளிக்கோடியில் அரைக்கல் மட்டும் வையுங்கள். குழிக்கு நேராக நான்கரை அங்குல வாய் திறக்கும். இரண்டாம் வரியும் அப்படியே, ஆனால் காற்றாடியை எதிர்த்திசையில் திருப்பி வையுங்கள். அப்போதுதான் மூட்டின் மேல் மூட்டு வராது. வாய் இப்போது நான்கரை அங்குல அகலம், ஆறு அங்குல உயரம். மூன்று, நான்கு, ஐந்தாம் வரிகள் முழுக் காற்றாடி. ஆக மொத்தம் இருபத்து மூன்றரைக் கல். உடைசலுக்கும் சேர்த்து இருபத்தாறு வாங்கினால் போதும்.

இங்கே இடறுகிற இடம் மூன்றாம் வரி. வாய்க்கு மேலே வருகிற கல்லின் ஒரு பாதி அந்தரத்தில் நிற்கும், கீழே தாங்க ஒன்றும் இருக்காது. களிமண் பூச்சை நம்பி விட்டால் பத்து லிட்டர்ப் பானையை ஏற்றும் அன்று இறங்கிவிடும். எட்டு எம்.எம். கம்பி இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் பத்து அங்குலம், வாய்க்குக் குறுக்கே வைத்து அதன் மேல் கல்லை அமர்த்துங்கள். கம்பிகளைக் குழியை ஒட்டி வைக்காதீர்கள். வெளிப்பக்கம் தள்ளி வையுங்கள். தீ நேரே படுகிற இரும்பு அரித்துக்கொண்டே வரும்.

சாந்துக்கு சிமெண்ட் வேண்டாம். தீயின் சூட்டில் அது தன் பிடிப்பை இழந்து பொரிந்து உதிரும். பிறகு அடுப்பைப் பிரிக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. களிமண் ஒரு பங்கு, மணல் இரண்டு அல்லது மூன்று பங்கு. சூளை மண்ணும் புற்றுமண்ணும் நன்றாகப் பிடிக்கும். எம் சாண்டும் ஆகும். கடற்கரை மணல் மட்டும் கூடாது, அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். (மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் என்றால் அதன் கதையே வேறு; கதிரியக்கத் தாது கலந்த அது அடுப்பங்கரைக்கு வர வேண்டிய பொருளே அல்ல.) கலந்த சாந்தை விரல் தடிமனுக்கு உருட்டி இரண்டு நாள் நிழலில் வையுங்கள். வெடித்தால் மணல் போதவில்லை, கிள்ளினால் உதிர்ந்தால் களிமண் போதவில்லை. கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துப் பிறகு கட்டுங்கள். கட்டியவுடன் தீ மூட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, பிறகு இரண்டு நாள் சுள்ளித் தீ மட்டும் போட்டுப் பழக்குங்கள். இல்லையென்றால் உள்ளிருக்கும் நீராவி சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

இந்தச் செங்கல் அடுப்பு நல்ல அடுப்புதான், சிறந்த அடுப்பு அல்ல. கணக்கு சொல்கிறேன். அடித்தளம் போக பத்தொன்பது கல். கல்லுக்கு மூன்று கிலோ வைத்தால் 57 கிலோ. இந்த எடையை நூறு டிகிரி சூடேற்ற வேண்டிய வெப்பம் 4,800 கிலோஜூல், அதாவது பதினாறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. சோறு வேகும் முன் அடுப்புக்குத் தீனி போட வேண்டியிருக்கிறது. கனத்த மண்சுவர் சூட்டை ‘பிடித்து வைத்திருக்கும்’ என்று பலர் அதை ஒரு குணமாகவே சொல்வார்கள். பிடித்து வைத்திருக்கிறதுதான், பானைக்குக் கொடுக்கவில்லையே. நாள் முழுவதும் எரிகிற சாயாக்கடை அடுப்புக்குக் கனம் சரி. காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி எரிகிற வீட்டு அடுப்புக்கு உள்சுவர் மெலிந்தும் இலேசாகவும் இருக்க வேண்டும்.

குமரி மாவட்டத்தில் இதற்கு நல்ல பொருள் ஒன்று சும்மா கிடக்கிறது: பிரித்துப் போட்ட வீடுகளின் பழைய ஓடு. சூளையில் வெந்தது, ஒன்றரைச் செ.மீ. தடிமன், தீக்கு அஞ்சாது. கிரைண்டரில் பதினொன்றரைச் செ.மீ. அகலத் துண்டுகளாக வெட்டி, வழுவழுப்பான பக்கம் உள்ளே வரும்படி நான்கைப் பெட்டிபோல நிறுத்தி, வெளியே கட்டுக்கம்பியால் இரண்டு இடத்தில் சுற்றி முறுக்குங்கள். மூட்டுகளைக் களிமண்ணால் அடையுங்கள். முன்பக்க ஓட்டின் கீழே வாய்க்குரிய இடத்தை வெட்டிவிட்டு, அங்கே இதே ஓட்டால் சிறிய சுரங்கம் ஒன்றைச் சேருங்கள். இந்தப் பெட்டி வெளியளவில் பதினான்கரைச் செ.மீ. வரும். பதினைந்து கிலோ எண்ணெய் டின் ஏறத்தாழ இருபத்து மூன்றரைச் செ.மீ. சதுரம், முப்பத்தைந்து உயரம். பெட்டியை அதன் நடுவே நிறுத்தினால் நான்கு பக்கமும் நாலரைச் செ.மீ. இடம் இருக்கும். அந்த இடத்தில் உமிச்சாம்பல்.

உமிச்சாம்பலை இடிக்காதீர்கள். தட்டித் தட்டி இறக்கினால் போதும். சாம்பலுக்குள் அடைபட்ட காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. இடித்தால் காற்று போய்விடும், ஈரமானால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். நாஞ்சில் நாட்டு அரிசி ஆலைகளில் கிடைக்கும் கறுப்புச் சாம்பலில் எரியாத கரி இருக்கும், அது மெல்ல எரிந்து தாழும். சாம்பல் நிறத்துக்கு வெளுத்தது நல்லது. அது கிடைக்காத இடத்தில் சலித்த விறகுச் சாம்பல் போதும். மேலே மூன்று செ.மீ. களிமண் மூடி போட்டு அடையுங்கள். ஒரு மாதத்தில் சாம்பல் கொஞ்சம் இறங்கியிருக்கும், மூடியை ஓரிடத்தில் உடைத்து நிரப்ப வேண்டும். பானையின் எடை ஓட்டின் மேல் இறங்கக் கூடாது. டின்னின் விளிம்பில் அமர்கிற இரும்பு வளையமோ முக்காலியோ அதைத் தாங்க வேண்டும். டின் இலேசு என்பதால் கவிழும் ஆபத்தும் உண்டு. கால்வாசி உயரத்துக்குச் சுற்றிலும் மண்மேடை கட்டி உறுதியாக்குங்கள்; வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி கடலோரத்தில் டின் பயனில்லை. உப்புக்காற்றில் தகரம் வெகு சீக்கிரம் ஓட்டையாகிச் சாம்பல் கொட்டத் தொடங்கும். அங்கே உள்ளே அதே ஓட்டுப் பெட்டி, நடுவே சாம்பல், வெளியே தகரத்துக்குப் பதில் குத்துச்செங்கல் சுவர். வெளிச்சுவர் கனமாக இருந்தாலும் பாதகமில்லை, சாம்பலைத் தாண்டிச் சூடு அதற்கு அவ்வளவாகப் போகாது.

வாய்க்குள் ஒரு தட்டு வேண்டும். இருபத்தொரு செ.மீ. அகலத் தகட்டின் இரு ஓரத்தையும் ஐந்து செ.மீ. கீழே மடக்கிக் காலாக்கினால் பதினொரு செ.மீ. அகலத் தட்டு கிடைக்கும்; அதை உள்ளே தள்ளினால் ஆயிற்று. தட்டின் மேல் விறகு, கீழே காற்று. வாயில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் காற்றுக்கு உரியது. தட்டு குழியின் பின்சுவர் வரை போகக் கூடாது. விறகின் நுனி தட்டைத் தாண்டி நீண்டு நிற்க வேண்டும். எரிவது நுனி மட்டுமே, விழுகிற தணலுக்குக் கீழிருந்து காற்று வரும். இந்த அடுப்பு பிடிக்கவில்லை என்று ஓரங்கட்டிய வீடுகளில் பெரும்பாலும் நடந்தது ஒன்றுதான்: தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வாய் நிறைய விறகைத் திணித்திருப்பார்கள். புகை வராமல் என்ன செய்யும்? கைப்பெருவிரல் தடிமனில் மூன்று நான்கு குச்சி, ஒன்றுக்கொன்று ஒட்டாமல். நுனி எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும் என்பது இந்த அடுப்பின் உண்மையான குறை. தடித்த முட்டியை வைத்துவிட்டு விளைக்குப் போய்வருகிற பழக்கம் உள்ள வீட்டுக்கு இது ஒத்துவராது, அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

விறகைப் பற்றிச் சொல்லாமல் அடுப்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. வெட்டிய ரப்பர் மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அந்த ஒரு கிலோ தருவது 8,000 கிலோஜூல். அதே மரம் நன்றாகக் காய்ந்தபின் ஒரு கிலோ 15,000 தரும். எடையில் பாதிதான் மரம் என்பதோடு, தண்ணீர் ஆவியாகித் தீயைக் குளிர்விப்பதால் புகையும் எரியாமல் போகும். எந்த அடுப்பும் பச்சை விறகைத் திருத்தாது. குமரிக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. இடையில் விறகு காயக் கிடைக்கிற நம்பகமான காலம் ஜனவரி முதல் மார்ச் வரைதான். ரப்பர் இலை உதிர்க்கும் அந்தக் காலத்திலேயே வெட்டி, மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டை மேல், மேலே கூரையும் பக்கத்தில் திறப்புமாக அடுக்குங்கள். தார்ப்பாயைப் போட்டு நாலு பக்கமும் மூடுவது விறகை அவிப்பதற்குச் சமம். காய்ந்ததா என்று தெரிய, ஒரே கட்டையை வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்; எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. ரப்பரில் மாவுச்சத்து அதிகம் என்பதால் துளைக்கும் வண்டு சீக்கிரம் வரும். அடுத்த ஆண்டுக்கு என்று சேர்த்து வைத்தால் மிஞ்சுவது பொடி.

தென்னை தருவதில் சில்லாட்டை (மட்டையடி நார்வலை) பற்றவைக்க, கொதும்பு விரைவான சுவாலைக்கு, சிரட்டை கடும் சூட்டுக்கு. சிரட்டையை இரண்டு மூன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் போடாதீர்கள். அதன் கரி குவிந்து காற்று வழியை அடைக்கும். மட்டையின் அடிப்பகுதியை நீளவாக்கில் பிளந்தால்தான் உள்ளீரம் காயும். கதம்பையை (தேங்காயின் நார்மட்டையை) இந்த அடுப்பில் போடுவதை விட்டுவிடலாம். அது எரிவதை விடக் கனன்று புகைவதே அதிகம், அதன் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி என்பதால் கடும் சூட்டில் உருகி ஓட்டில் கண்ணாடிபோல ஒட்டும். அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) பக்கத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று கொல்லாங்கொட்டைத் (முந்திரிக்கொட்டை) தோட்டைக் கொண்டுவருவோர் உண்டு. அதிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கக்கூடியது, அதன் புகை கண்ணையும் தொண்டையையும் அதே வேகத்தில் பதம் பார்க்கும். வீட்டு அடுப்பில் கூடவே கூடாது.

புகைபோக்கி வேண்டுமா என்பது பழைய வாக்குவாதம். ஐதராபாத் பொறியியல் ஆய்வகத்தில் எஸ்.பி. ராஜு 1953-இல் புகையில்லா அடுப்பை முன்வைத்த நாளிலிருந்து, 1983-இல் தொடங்கி 2002-இல் முடிந்த மத்திய அரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டம் வரை, புகைபோக்கிதான் நல்ல அடுப்பின் அடையாளமாக இருந்தது. புகையை அடுக்களைக்கு வெளியே கொண்டுபோகும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விறகை மிச்சப்படுத்துவது வேறு வேலை. இழுவை கூடின குழாய், தீயைப் பானைக்கு அடியிலிருந்து பிடுங்கிக் கூரைக்கு மேல் கொண்டுபோகும். கரி அடைந்த குழாயோ புகையைத் திருப்பி அனுப்பும். கூரையைத் துளைத்த இடத்தில் மழை ஒழுகும். ஓலைக் கூரையானால் தீப்பொறிக்குப் பயப்பட வேண்டும். என் கட்சி இது: மூடிய அடுக்களைக்குள் சமைப்பவர்களுக்குப் புகைபோக்கி கட்டாயம், மாதம் ஒருமுறை கரி தட்டும் பொறுப்போடு சேர்த்து. இரண்டு பக்கம் திறந்த சாய்ப்பில் வேண்டாம். ராக்கெட் அடுப்பு புகையைக் குறைக்கும், ஒழிக்காது. ‘புகையே வராது’ என்று விற்கிறவரிடம் ஈர மட்டையைக் கொடுத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் குளிருக்கென்று மிஞ்சின தணலை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. புகை இல்லாத தணலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் வரும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வேறு தொல்லை. காற்றாலை நடுகிற அளவுக்குக் கணவாய்க் காற்று வீசுகிற இடத்தில் அடுப்பின் வாயைக் காற்றுக்கு எதிரே வைத்தால் தீ உலைபோல ஊதப்பட்டு விறகைத் தின்னும். பின்புறம் வைத்தால் சுவரில் மோதித் திரும்பும் காற்று சுவாலையை வெளியே தள்ளும். காற்றுக்குக் குறுக்கே வாயை வைத்து, இடுப்பளவுத் தடுப்புச் சுவர் ஒன்று எழுப்பினால் அமைதியாக எரியும். அங்கே தகரச் சட்டையும் இரட்டை வேலை செய்யும்.

கட்டிய அடுப்பு நல்லதா என்பதை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு கிலோ விறகை நிறுத்து வையுங்கள். ஐந்து லிட்டர் தண்ணீரை மூடாமல் கொதிக்க விடுங்கள். கொதித்ததும் தீயை எடுத்து, மிஞ்சிய விறகையும் கரியையும் தனித்தனியே நிறுங்கள். பானையின் தண்ணீரையும் நிறுங்கள். கணக்கு இப்படிப் போகும்: விறகு 600 கிராம் தீர்ந்தது, கரி 60 கிராம் மிஞ்சியது, தண்ணீர் 200 கிராம் ஆவியானது என்று வையுங்கள். தண்ணீர் வாங்கியது 1500, ஆவிக்கு 450, சேர்த்து 1950 கிலோஜூல். விறகு தந்தது 9000, கிராமுக்கு 29 வீதம் கரியில் மிஞ்சியிருப்பது 1740, எரிந்தது 7260. வகுத்தால் 27 சதவீதம். மின்விசிறி இல்லாத அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13152 கேட்பது குறைந்தது 25 சதவீதம். குளிர்ந்த அடுப்பில் ஒருமுறை, சூடான அடுப்பில் உடனே இன்னொருமுறை அளந்தால், சுவர் எவ்வளவு குடிக்கிறது என்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் தெரியும்.

அளந்து பார்த்தவர்களுக்கு மூடியின் மதிப்பும் தெரிந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 2,260 கிலோஜூல், ஏழரை லிட்டரைக் கொதிக்க வைக்கும் சூடு. சம்பா அரிசி கொதித்த பிறகு தளதளவென்று பொங்க வேண்டியதில்லை. நூறு டிகிரிக்கு மேல் தண்ணீர் போகாது, எவ்வளவு தீ போட்டாலும் சோறு அதே நேரத்தில்தான் வேகும். அரிசியை முன்கூட்டியே ஒரு மணி நேரம் ஊறவைத்து, கொதித்ததும் இரண்டு குச்சியை இழுத்துவிட்டு, மூடியைப் பாதி சாய்த்து வைத்தால் போதும்.

கடைசியாக, வெந்நீர். இதற்கென்று பெரிய அண்டாவும் அதற்கேற்ற தனி அடுப்பும் கட்டக் கேட்கிறார்கள். இருபது லிட்டரை 45 டிகிரிக்குக் கொண்டுவரத் தேவையான சூடும், ஐந்து லிட்டரைக் கொதிக்க வைக்கும் சூடும் ஏறத்தாழ ஒன்றுதான். சோறு வடித்த பானையைக் கழுவி, அதே அடுப்பில், அதே சட்டைக்குள், சுவர் சூடாக இருக்கும்போதே ஐந்து லிட்டர் வைத்து, முதல் குமிழி வந்ததும் இறக்கிப் பதினைந்து லிட்டர் பச்சைத் தண்ணீரில் விளாவுங்கள். கொதித்த பிறகு வைத்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் ஆவிக்குப் போகிற விறகு. அண்டாவுக்கு இன்னொரு அடுப்பு வேண்டாம்.